பூநகரிப் பனையும் பளைத் தென்னையும்

சுவையைப் பற்றி வாதாடுவதிற் பயனில்லை என்று மேல்நாட்டில் ஒரு முதுமொழி உண்டு. அதனை மொழிந்த பெரியார் எவராயினும், அவர் எமது கிளிநொச்சிப் பக்கத்து விறாந்தை ஒன்றில் ஒரு மாலைப்பொழுதேனும் அமர்ந்திருந்தவர் அல்லர் என்பது திண்ணம். அமர்ந்திருப்பாராயின், வாதாடுவதற்குச் சுவையைப்போல் உகந்த பொருள் உலகில் வேறில்லை என்ற முடிவுக்கே வந்திருப்பார்.

சென்ற சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் என் இல்லத்து விறாந்தையில் அத்தகைய வாதம் ஒன்று நடந்தேறியது. லண்டன் மாநகரிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் இரு போத்தல்களைக் கொணர்ந்திருந்தார். ஒன்று ஸ்கொட்லாந்து விஸ்கி. மற்றையது அயர்லாந்து விஸ்கி. இரண்டையும் அவர் மேசைமீது வைத்ததுதான் தாமதம், உள்ளிருந்து என் மனைவியின் குரல் கேட்டது: “பிள்ளையள் படிக்கிற மேசையிலையோ உதுகளை வைக்கிறியள்?”

போத்தல்கள் உடனே முற்றத்து வாங்கிலுக்கு இடம்பெயர்ந்தன. வாங்கிலின் ஒரு முனையில் என் பெரியப்பா. மறு முனையில் என் மாமனார். பெரியப்பா பூநகரியிற் பிறந்து வளர்ந்தவர். பனையின் பரம பக்தர். மாமனாரோ பளையைச் சேர்ந்தவர். தென்னை தவிர்ந்த வேறெதனையும் மரம் என்று ஒப்புக்கொள்ளாதவர். நான் மது அருந்தும் வழக்கமில்லாதவன். கல்லூரியில் இரசாயனவியல் கற்பிப்பவன். ஆகவே நடுவர் பதவி இயல்பாகவே எனக்கு வந்து சேர்ந்தது.

மருந்து குடிக்கும் சிறு கிண்ணத்தில் ஸ்கொட்லாந்து விஸ்கி சிறிதளவு வார்க்கப்பட்டது. மாமனார் அதனை மூக்கருகே கொண்டுசென்று முகஞ் சுளித்தார்.

“உதென்ன தம்பி, அடுப்படிப் புகையெல்லே மணக்குது!”

பெரியப்பா ஒரு மிடறு அருந்திக் கண்களை மூடிக்கொண்டார். “அதுதான் அதின்ரை சிறப்பு. பொருளெண்டால் ஒரு வீறு இருக்க வேணும்.”

அடுத்து அயர்லாந்து விஸ்கி. மாமனாரின் முகம் மலர்ந்தது. “இது நல்லது. தொண்டையிலை ஒரு கரைச்சலுமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகுது.” பெரியப்பா தலையை அசைத்தார். “இது காய்ச்சல்காறனுக்குக் குடுக்கிற தண்ணி.”

“இரண்டும் ஒரே தானியத்திலை செய்ததுதான், மாமா!” என்று மைத்துனர் சிரித்தார். “பிறகென்ன அத்தான், இந்த வித்தியாசம் எங்கையிருந்து வருது?” என்று என்னை நோக்கி வினவினார்.

புகையும் மென்மையும்

வினா நியாயமானதே. இரு நாட்டாரும் முளைகட்டிய பார்லியையே முதன்மையாகக் கொள்கின்றனர். இரு நாட்டுச் சட்டங்களும் வடித்தெடுத்த மதுவை 3 ஆண்டுகளுக்குக் குறையாமல் மரப்பீப்பாயில் வைத்திருக்குமாறு விதிக்கின்றன. அங்ஙனமிருக்க வேற்றுமை எவ்வாறு நேர்ந்தது?

ஸ்கொட்லாந்தின் சில பகுதிகளிலும் அதனை அடுத்த தீவுகளிலும் விறகு அரிது. சதுப்பு நிலத்திற் செடிகொடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கி இறுகிய கருமண்ணையே கட்டிகளாக வெட்டி உலர்த்தி எரித்தனர். முளைத்த பார்லியை அந்நெருப்பில் உலர்த்தும்போது புகையின் மணம் தானியத்தில் ஏறிவிடுகிறது. அதன்பின் எத்துணை முறை வடித்தாலும், எத்துணை ஆண்டு பீப்பாயில் உறங்கினாலும், அம்மணம் அகல்வதில்லை. ஸ்கொட்லாந்து விஸ்கி யாவும் புகை மணப்பனவல்ல. ஆயினும் புகை மணம் என்றாலே அந்நாடு நினைவுக்கு வருமளவுக்கு அது பெயர்பெற்றுவிட்டது.

அயர்லாந்தார் பெரும்பாலும் புகை படாமல் தானியத்தை உலர்த்துவர். ஸ்கொட்லாந்தில் இருமுறை வடிப்பது வழக்கமாயின், இவர்களுட் பலர் மும்முறை வடிப்பர். ஒவ்வொரு முறை வடிக்கும்போதும் காரமும் கனமும் சிறிது குறைந்து மென்மை மிகும். ஆங்கிலத்தில் விஸ்கி என்ற சொல்லை எழுதுகையிற்கூட அயர்லாந்தார் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதித் தம் தனித்தன்மையை நிலைநாட்டுவர்.

விஸ்கி என்ற சொல்லுக்குக் கெயிலிக் மொழியில் ‘உயிர்நீர்’ என்பது மூலப்பொருள். ஆனால் அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்பு ஒன்றில் அவ்வுயிர்நீரைப் பற்றி 1405ஆம் ஆண்டில் வரும் செய்தி யாது தெரியுமா? குறுநிலத் தலைவன் ஒருவன் நத்தார்க் காலத்தில் அதனை அளவுமீறி அருந்தி உயிர்துறந்தான் என்பதே! பெயரிட்டவரின் நகைச்சுவையை மெச்சுவதா, காலத்தின் நகைச்சுவையை மெச்சுவதா என்பதை வாசகர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

பனங்கள்ளும் தென்னங்கள்ளும்

என் விளக்கத்தை மிக்க பொறுமையுடன் கேட்டிருந்த பெரியப்பா, முடிவில் ஒரு தீர்ப்பு வழங்கினார். “அப்ப தம்பி, ஸ்கொட்லாந்துக்காறன் பனை, அயர்லாந்துக்காறன் தென்னை. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியவனானேன். பனங்கள்ளில் மணமும் வீறும் மிகுதி. தென்னங்கள் மென்மையும் மெல்லிய புளிப்பும் உடையது. பனையிற் பழகியவருக்குத் தென்னங்கள் சப்பென்றிருக்கும். தென்னையிற் பழகியவருக்குப் பனங்கள் முரடாகத் தோன்றும். கிளிநொச்சி மாவட்டம் ஒன்றினுள்ளேயே பூநகரியின் பனங்காடுகளும் பச்சிலைப்பள்ளியின் தென்னந்தோட்டங்களும் அமைந்திருப்பதால், இந்த வழக்கு எங்கள் பகுதியில் ஒருகாலும் தீர்வதில்லை.

மரங்களின் குணமும் அவ்வாறே வேறுபட்டது. தென்னை சில ஆண்டுகளிற் பயன் தரத் தொடங்கி, ஏறத்தாழ மாதத்துக்கொரு பாளை ஈன்று, ஆண்டு முழுவதும் வழங்கும் மரம். பனையோ நட்டவனைப் பன்னெடுங்காலம் காக்கவைக்கும். அது ஆணா பெண்ணா என்பதும் பூக்கும்வரை தெரியாது. பூத்தபின்னரும் ஆண்டிற் சில மாதங்களே, தை மாசியிற் பாளை தோன்றுவது தொடங்கி ஆனி ஆடிவரை, அதன் கொடை கிட்டும். ஆனால் வறட்சியோ உவர்க்காற்றோ வந்து தென்னை வாடும்போதும் பனை வாடுவதில்லை.

தொழிலும் வேறுபட்டதே. களுத்துறை, வாதுவைப் பக்கங்களிலே தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி, ஒரு மரத்தில் ஏறியவர் கயிற்றின்மேல் நடந்தே பல மரங்களிற் பாளை சீவி வருவதைத் தெற்கே சென்றவர்கள் கண்டிருப்பர். எமது பனையில் அந்த வசதி இல்லை. காலில் தளநாரைப் பூட்டி, இடையிற் பாளைக்கத்தியையும் முட்டியையும் தாங்கி, ஒவ்வொரு மரத்திலும் தனித்தனியே ஏறி இறங்க வேண்டும். அதுவும் காலையும் மாலையும்.

தென்னங்கள்ளைக் காய்ச்சி வடித்த சாராயம் தெற்கே மரத்தொட்டிகளிற் பதப்படுத்தப்படுகிறது. அத்தொட்டிகளுக்குப் பெயர்போன மரம் சாவண்டலை; சிங்களத்தில் அல்மில்லை. எங்கள் உலர்வலயக் காடுகளில் வளர்வது அது. ஸ்கொட்லாந்தாருக்கு ஓக் மரம் எப்படியோ, இலங்கைச் சாராயத்துக்குச் சாவண்டலை அப்படி. பனங்கள்ளிலிருந்து வடிக்கும் சாராயத்துக்கு வடமராட்சியின் திக்கம் வடிசாலை பெயர்பெற்றது.

கருப்பநீர் என்னும் அமுதம்

இவ்விடத்தில், “குடும்பத்தினர் படிக்கும் பக்கத்திற் கள்ளின் புகழா?” எனச் சில வாசகர்கள் வெகுளக்கூடும். வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே, 93ஆம் அதிகாரத்தை, ஒதுக்கியிருப்பதை நான் மறந்தேனல்லேன். அதே தமிழ் இலக்கியத்தில், அதியமானின் மறைவுக்கு இரங்கிய ஔவையார், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பையும் நினைந்து பாடியிருக்கிறார் என்பதும் உண்மை. நம் முன்னோர் இரண்டையும் அறிந்திருந்தனர்.

ஆனால் பாளையிலிருந்து வடிவது கள் அன்று. அது தூய இனிப்பு நீர். நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேற் சர்க்கரை கரைந்திருக்கும் அந்நீரில், காற்றிலும் முட்டியிலும் வாழும் மதுவம் என்னும் நுண்ணுயிர் புகுந்து, சர்க்கரையை மதுசாரமாகவும் கரியமிலவாயுவாகவும் பிரிக்கின்றது. சில மணி நேரத்தில் நுரை பொங்கிக் கள்ளாகிறது. மேலும் வைத்திருந்தால் வேறு நுண்ணுயிர்கள் புகுந்து புளித்து விநாகிரியாகிறது. முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் மதுவம் பெருக இயலாது. அப்போது கிடைப்பதே கருப்பநீர். தமிழகத்தார் பதநீர் என்பர். அதனைக் காய்ச்சினாற் பனங்கட்டி. குழந்தைகளும் பெண்களும் அருந்தத்தக்க அமுதத்துக்கும், வள்ளுவர் கடிந்த பொருளுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு விரல் சுண்ணாம்பே!

இதையெல்லாம் ஆண்டுதோறும் வகுப்பிற் கரும்பலகையில் எழுதிக் கற்பித்து வருபவன் நான். ஆயினும் அத்தொழிலைப் பற்றி நான் உண்மையில் எதுவும் அறிந்திருக்கவில்லை என்பதை, அவ்விடுமுறை கழிந்து இரு கிழமைகளின் பின்னரே உணர்ந்தேன்.

மரத்தின்மேல் ஒரு மாணவன்

உயர்தர வகுப்பில் என்னிடம் பயிலும் மாணவன் ஒருவன் தொடர்ந்து பல நாட்கள் வரவில்லை. திறமை மிக்கவன். பதிவேட்டில் தந்தையின் தொழில் ‘கூலி’ என்றிருந்தது. விலாசத்தை விசாரித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையிற் பூநகரிப் பக்கம் சென்றேன். வளவின் படலையைத் திறந்ததும் அவனுடைய தாயார் திகைத்து நின்றார். பையன் எங்கே என வினவினேன். அவர் வாய் திறவாமல் அண்ணாந்து பார்த்தார்.

முப்பது முழத்துக்கு மேல் உயர்ந்த பனையொன்றின் உச்சியிலே, காலைக் கதிரின் எதிரே, என் மாணவன் பாளை சீவிக்கொண்டிருந்தான்.

தந்தையார் திண்ணையிற் கால் கட்டுடன் இருந்தார். மரத்தால் இறங்குகையில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டதாம். “பாளையை நாளுக்குநாள் சீவாட்டில் அடைபட்டுப் போகும், மாஸ்டர். ஒரு கிழமை விட்டால் இந்த வருஷத்து வருமானம் அவ்வளவும் போச்சு. அதுதான் தம்பி, ‘நான் ஏறுறன் அப்பா’ எண்டு நிண்டான். நான் மறிச்சுப் பார்த்தன், கேக்கேல்லை.”

சிறிது பொறுத்து அவரே தொடர்ந்தார்: “நான் இவ்வளவு காலமும் ஏறினது, அவன் ஏறாமல் இருக்கிறதுக்குத்தான்.”

இறங்கி வந்த பையன் என்னைக் கண்டதும் முகம் கறுத்தான். அவன் முதலிற் சொன்ன வார்த்தை: “சேர், வகுப்பிலை சொல்லிப்போடாதேங்கோ.”

அவ்வார்த்தை என் நெஞ்சிற் தைத்தது. விடைத்தாளிற் பிழை விட்டவன்கூட இவ்வளவு அஞ்சியதில்லை. தந்தையின் வருமானத்தையும் தாயின் அடுப்பையும் காத்து நிற்கும் ஒருவன், அதனைக் குற்றம்போல் மறைக்க வேண்டியிருக்கிறது. காரணம் நாம் அறிந்ததே. எமது சமூகத்திற் கள்ளைக் குடித்தவன் விறாந்தையில் அமர்ந்தான். சீவியவன் படலைக்கு வெளியே நின்றான். இன்று படலை திறந்திருக்கிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பதிவேட்டில் ‘கூலி’ என்று எழுதிய கை அதனை நம்பவில்லை.

முதல் வடிந்த கருப்பநீரைப் பனையோலைப் பிளாவில் ஏந்தி எனக்கு அளித்தனர். பருகினேன். “இது கிணத்தடிப் பெண்பனை, மாஸ்டர். வேலியோரத்து ஆண்பனையின்ரை வேறை ருசி,” என்றார் தந்தையார். இருபத்தைந்து மரங்களின் சுவையையும் தனித்தனியே சொல்ல வல்லவர் அவர். ஆனால் கள்ளை ஒருநாளும் நாவிற் பட்டறியாதவராம். “மரமேறுறவன் குடிக்கக்கூடாது,” என்றார் சுருக்கமாக.

விஸ்கியின் மணத்தை ஆராய்ந்து சொல்வதற்கென்றே மேல்நாட்டில் நிபுணர்கள் உளர். அவர்களுக்குப் பெரும் மதிப்பும் உண்டு. எங்கள் ஊர் நிபுணர் திண்ணையிற் கால் முறிந்து கிடந்தார்.

அயர்லாந்து தரும் பாடம்

வீடு திரும்பும் வழியில் அயர்லாந்தின் கதையே என் சிந்தையில் நின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் சிறந்த விஸ்கி என்று பெயரெடுத்தது அயர்லாந்தினதே. டப்ளின் நகரில் ஈனியஸ் கொஃபி என்பார், முன்னர் மதுவரி அதிகாரியாய் இருந்தவர், 1830ஆம் ஆண்டில் இடையறாது வடிக்கும் புதுவகைக் கலமொன்றுக்கு உரிமம் பெற்றார். அவர்தம் நாட்டு வடிசாலைக்காரரோ, “எம் சுவைக்கு ஈடில்லை, இது எமக்கெதற்கு?” என்று புறக்கணித்தனர். ஸ்கொட்லாந்தார் அதனை ஏற்று, மலிவான கலவை விஸ்கியை உலகெங்கும் கொண்டுசென்றனர். பின்னர் பிரித்தானியாவுடன் வணிகப் பிணக்கு, 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு, அடிமேல் அடி. 1970களின் பிற்பகுதியில் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் இரண்டே வடிசாலைகள் எஞ்சின. அதன் பின்னரே விழித்துக்கொண்டனர். இன்று வடிசாலைகள் மீண்டும் பல பத்தாகப் பெருகியுள்ளன.

சுவையிற் பெருமை கொண்டால் மட்டும் ஒரு தொழில் நிலைக்காது என்பதே இதன் பாடம். பனை எமது அடையாளம் என மேடைதோறும் முழங்குகிறோம். போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் வெட்டுண்டன. பளைத் தென்னந்தோட்டங்கள் போர்முனையாகிச் சிதைந்தன. 2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. மரங்களை மீண்டும் நடலாம், நட்டும் வருகிறோம். ஏறுபவரை எங்கிருந்து நடுவது?

செய்யத்தக்கன இல்லாமலில்லை. 1970களிற் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தபின், தரகரை நம்பியிருந்த தொழிலாளருக்கு ஓரளவு நிலையான விற்பனை வழி கிடைத்தது. 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கள்ளைப் பதப்படுத்திப் போத்தலில் அடைக்கும் முறையும் வந்தது. விழுந்தவருக்கு ஈட்டுறுதி, பாதுகாப்பாக ஏறும் கருவி, கருப்பநீருக்கும் பனங்கட்டிக்கும் நியாய விலை ஆகியன கிட்டினால், படித்த இளைஞனும் இதனைத் தொழிலென ஏற்கத் தயங்கான். அன்றேல் அவ்விடத்தைக் கசிப்பு பிடித்துக்கொள்ளும். ஏலவே பல குடும்பங்களைப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. தமிழகத்தில் பனை மாநில மரம்; ஆனால் அங்கு 1987 முதற் கள் இறக்கத் தடை. 2003 முதல் அரசின் நிறுவனமே கடை திறந்து ஏனைய மதுவகைகளை விற்கிறது. மரத்தைப் போற்றி, மரமேறியைக் கைவிடும் முரண்பாடு எமக்கு மட்டும் உரியதன்று.

விறாந்தையில் ஒரு கதிரை

அடுத்த ஞாயிறன்று பெரியப்பாவிடம் நடந்ததைக் கூறினேன். அவருக்குக் கள் வழங்கி வந்தவர் அதே தந்தையாரே என்பது அப்போதுதான் தெரிந்தது.

“எத்தினை வருஷமாய் அவரிட்டை வாங்குறியள், பெரியப்பா?”

“பதினெட்டு, இருபது வருஷம் இருக்கும்.”

“ஒருநாளாவது இந்த வாங்கிலிலை இருத்தி, தேத்தண்ணி குடுத்தனீங்களோ?”

பெரியப்பா மறுமொழி சொல்லவில்லை. மாமனாரும் அன்று தென்னையைப் பற்றிப் பேசவில்லை. மறுநாட் காலை, அரைச் சாக்கு அரிசியைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு பெரியப்பா எங்கோ புறப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன். கால் குணமான பின்பு அத்தந்தையார் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, விறாந்தையில் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டவரும் பெரியப்பாதான்.

மாணவனுக்கு மாலை வேளைகளில் விடுபட்ட பாடங்களைக் கற்பித்தேன். காலையில் மரம், மாலையிற் பாடம் என ஐந்து கிழமைகள் உழைத்து, அவன் வகுப்புக்கு மீண்டான். நொதித்தல் பற்றிய பாடம் வந்தது. வழக்கம்போற் சமன்பாட்டை எழுதிவிட்டு, “முட்டியிற் சுண்ணாம்பு கூடினால் அல்லது குறைந்தால் என்ன நேரும்?” என்று வினவினேன். வகுப்பு மௌனமாயிருந்தது. பின்வரிசையில் அவன் எழுந்தான்.

“குறைஞ்சால் கருப்பநீர் கள்ளாய்ப் போகும், சேர். கூடினால் பனங்கட்டி கறுத்துக் கைக்கும். அளவு கையிலைதான் இருக்கு.” சிறிது தயங்கினான். பின்பு நிமிர்ந்து நின்று சொன்னான்: “என்ரை அப்பா பனை சீவுறவர்.”

எவரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி அவன் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அன்று மாலை, பதிவேட்டில் ‘கூலி’ என்றிருந்த இடத்தை அவனே திருத்தி எழுதினான்.

பனங்கள்ளா, தென்னங்கள்ளா? ஸ்கொட்லாந்தா, அயர்லாந்தா? நடுவரான என் தீர்ப்பை இன்னும் நான் வழங்கவில்லை. பெரியப்பாவும் மாமனாரும் உயிரோடிருக்கும்வரை வழங்கப்போவதுமில்லை. ஆனால் அவர்கள் எதனை விரும்பினாலும், வாதத்தைத் தொடங்குமுன் ஒன்றை வினவிக்கொள்ள இப்போது பழகிவிட்டார்கள்: அதனை இறக்கிய கை யாருடையது, அக்கை இன்று சுகமாயிருக்கிறதா என்று.